டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு புரோபயாடிக் கேப்சூல் கொடுக்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, நெடுநாள் சர்க்கரை. போன ஆடியில் இருந்து திருச்சியில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை) போட்டாயிற்று, அது இன்னும் தயாராகவில்லை. அதனால் கழுத்துக் குழாய் வழியாகத்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு கேப்சூலைப் பற்றிச் சொன்னான். ரெனாடில் என்று பெயர். உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா குடலுக்குப் போய் யூரியாவையும் மற்ற கழிவையும் தின்றுவிடுமாம். ‘குடல்வழி டயாலிசிஸ்’ என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஆகும் விலை எங்கள் வீட்டு மளிகைச் செலவுக்குச் சமம். அம்மா தோட்டை அடகு வைத்தாவது வாங்கலாம் என்கிறார். இதற்கிடையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில், இந்த மாதிரி மருந்து சாப்பிட்டு ஒருவர் டயாலிசிஸையே நிறுத்திவிட்டதாக வந்த செய்தியை அப்பா படித்துவிட்டார். நேற்றிலிருந்து அதே பேச்சு.

மருத்துவரிடம் கேட்டால், "கொடுத்தால் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

எங்கள் மாமியாருக்கு ஒரு பாக்டீரியா கேப்சூல் மூன்று நான்கு மாதம் கொடுத்தோம். நீங்கள் சொல்லும் கம்பெனி இல்லை, இங்கே மருந்துக் கடையில் கிடைப்பது. வயிறு உப்புசம் கொஞ்சம் அடங்கியது. வாயில் வரும் அந்த மூத்திர வாடையும் குறைந்த மாதிரி இருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது. அப்புறம் நிறுத்திவிட்டோம். நிறுத்திய பிறகும் ஒன்றும் ஆகவில்லை.

டயாலிசிஸை நிறுத்தும் பேச்சை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள் தம்பி. எங்கள் தெருவில் அப்படி நிறுத்தியவர் பத்து நாள் தாங்கவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள். கொஞ்சம் நீளும்.

இந்தக் கேப்சூலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பொய் இல்லை. அதுதான் சிக்கலே. சிறுநீரகம் வேலை செய்யாதபோது ரத்தத்தில் யூரியா ஏறுகிறது, அதில் ஒரு பகுதி குடலுக்குள் கசிகிறது. குடலில் யூரியேஸ் என்ற நொதி உள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. அம்மோனியாவால் குடலின் உட்பக்கம் காரத்தன்மை ஏறுகிறது, குடல்சுவரின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் இணைப்புகள் தளர்கின்றன. பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன, உடலில் ஓயாத ஒரு அழற்சி தங்கிவிடுகிறது. கலிபோர்னியாவில் இர்வின் பல்கலைக்கழகத்தின் வசிரி என்பவரின் குழு 2013-ல் 24 சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளையும் நலமாக உள்ள 12 பேரையும் ஒப்பிட்டு, இரண்டு கூட்டத்தின் குடல் பாக்டீரியாவும் வெகுவாக வேறுபடுவதைக் காட்டியது. அடுத்த ஆண்டே அதே குழு இன்னொன்றும் சொன்னது. நோயாளிகளின் குடலில் மேலோங்கி நின்ற 19 பாக்டீரியாக் குடும்பங்களில் 12 குடும்பங்களிடம் யூரியேஸ் இருந்தது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல்சுவருக்குத் தீனி போடும் வகைகள் குறைந்திருந்தன. யூரியா தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அதைத் தின்பவை பெருகுகின்றன, நார் கிடைக்காததால் நார் தின்பவை சுருங்குகின்றன.

இன்னொரு கதை இதைவிட முக்கியம். நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போன பகுதியைப் பாக்டீரியா இண்டோல் ஆக்குகிறது. அது கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்பேட் ஆகிறது. டைரோசினில் இருந்து இதே வழியில் பி-கிரெசில் சல்பேட் வருகிறது. நல்ல சிறுநீரகம் இரண்டையும் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. இரண்டும் ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுப்பவை என்று சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள்.

இவை குடலில்தான் பிறக்கின்றன என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மேயர் குழு 2011-ல், வேறு நோய்க்காகப் பெருங்குடலையே அகற்றிக்கொண்ட டயாலிசிஸ் நோயாளிகளைத் தேடிப் பிடித்து, பெருங்குடல் உள்ள நோயாளிகளோடு ஒப்பிட்டது. பெருங்குடல் இல்லாதவர்கள் ரத்தத்தில் இந்த இரண்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான், ஆட்கள் ஒரு கைப்பிடிதான் என்றாலும்.

ஆக, சிறுநீரகம் கெட்டவரின் நஞ்சில் ஒரு பகுதி குடலில் உற்பத்தியாகிறது, சரி. ‘அதை ஒரு கேப்சூல் நிறுத்திவிடும்’ என்பது வேறு செய்தி.

காவிரிக்கரை எழுதியது:

நன்றி சார். சித்தப்பா மகன் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். கெட்ட பாக்டீரியா நஞ்சு தயாரிக்கிறது என்றால் நல்லதை உள்ளே அனுப்பினால் குறையத்தானே வேண்டும்? எங்கே உதைக்கிறது?

நுண்ணோக்கி எழுதியது:

பல இடத்தில் உதைக்கிறது. குடலில் ஏற்கெனவே லட்சம் கோடிக் கணக்கில் குடியிருப்பவை உள்ளன. கேப்சூலில் வருபவை பெரும்பாலும் தங்குவதில்லை, சாப்பிடும்வரை கடந்து போகும், நிறுத்தினால் மறைந்துவிடும். அதோடு, உள்ளே யூரியாவும் காரத்தன்மையும் அப்படியே இருக்கும்போது புதிதாக வந்தது எப்படி வேர் பிடிக்கும்?

இனி ஆய்வுகள். நீங்கள் சொன்ன ரெனாடிலை டயாலிசிஸ் நோயாளிகளிடமே சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். முடித்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. சில அளவுகள் நல்ல திசையில் சாய்ந்தன என்கிறார்கள், ஆனால் புள்ளியியல் கணக்கில் உறுதியாக நிற்கும் பலன் எதுவும் வரவில்லை. அமெரிக்காவில் அது உணவுத் துணைப்பொருளாகத்தான் விற்கிறது, மருந்தாக அல்ல.

இருப்பதில் ஒழுங்காகச் செய்த ஆய்வு என்று நான் நினைப்பது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் நடந்தது, 2016-ல் வெளிவந்தது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் இருந்த 37 பேர். பாக்டீரியாவும் அதற்குத் தீனியான நார்ப்பொருளும் சேர்ந்த கலவையை ஆறு வாரம், போலி மாத்திரையை ஆறு வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பி-கிரெசில் சல்பேட் குறைந்தது. முக்கிய இலக்காக வைத்திருந்த இண்டாக்சில் சல்பேட் நிச்சயமாகச் சொல்லும்படி குறையவில்லை. ஆன்டிபயாடிக் எடுக்காத 21 பேரைத் தனியே பார்த்தபோது இரண்டுமே குறைந்திருந்தன. கலவை எடுத்த கட்டத்தில் சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கொஞ்சம் ஏறியது, அது நல்ல அறிகுறி இல்லை, என்ற வரியும் அதில் இருக்கிறது. விற்பனைப் பக்கங்கள் எதிலும் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. சிறுநீரகச் செயல்பாடு, மாரடைப்பு, உயிர் பிழைப்பது ஆகியவற்றில் பலன் உண்டு என்று நம்பிச் சொல்லும் தரத்தில் சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள்.

உண்மை விளம்பி எழுதியது:

இதெல்லாம் மருந்துக் கம்பெனி ஆட்டம். குடலைச் சரி செய்தால் டயாலிசிஸ் மெஷின் விற்காது, ஊசி விற்காது. அதனால்தான் பெரிய ஆய்வு நடத்த விடமாட்டார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

நடத்தியிருக்கிறார்கள் ஐயா, மருந்துக் கம்பெனிக்காரர்களே. குடலில் பிறக்கும் நஞ்சை உறிஞ்சி மலத்தோடு வெளியேற்ற, வாய்வழி சாப்பிடும் கரிக்குருணை ஒன்று ஜப்பானில் 1991 முதல் அங்கீகாரம் பெற்ற மருந்து. ஏ.எஸ்.டி-120 என்று பெயர். இண்டோலை அது உறிஞ்சுவதும் உண்மை. அதை வைத்து அமெரிக்கா, ஐரோப்பா என்று 13 நாடுகளில் 2,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு ஆய்வுகள் நடத்தினார்கள். முடிவு 2015-ல் வந்தது. டயாலிசிஸுக்குப் போவதையோ கிரியாட்டினின் இரட்டிப்பாவதையோ அது தள்ளிப்போடவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த கம்பெனிக்கே நஷ்டம். குடலை வைத்துப் பணம் பண்ண அவர்களுக்கும் ஆசைதான், குடல் ஒத்துழைக்கவில்லை.

மூன்றாம் ஷிஃப்ட் எழுதியது:

மதுரையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். எல்லோரும் கேப்சூலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு முதல் பதிவில் கண்ணில் பட்டது ‘கழுத்துக் குழாய்’.

காவிரிக்கரை அண்ணா, மருந்துக் கடையில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் புரோபயாடிக் பாக்கெட்டுகள் சிலவற்றில் இருப்பது பாக்டீரியாவே இல்லை, சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட். உயிருள்ள பூஞ்சை. கழுத்துக் குழாயின் முனை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாக்கெட்டைக் கிழிக்கும்போது தூள் பறந்து கையில் ஒட்டி, அந்தக் கையோடு குழாய் மூடியைத் தொட்டால் ரத்தத்துக்குள் நேராகப் போகும் வழி அது. அப்படி ரத்தத்தில் பூஞ்சை பரவிய நோயாளிகள் பற்றிப் பல நாடுகளில் இருந்து அறிக்கைகள் வந்ததால், மத்திய சிரைக் குழாய் (கழுத்துக் குழாய் இந்த வகைதான்) உள்ளவர்களுக்கும் மிகவும் மோசமான நிலையில் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2017-ல் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பாக்கெட் கிழிப்பதுகூட அதே அறையில் வேண்டாம் என்பதும் அதில் உண்டு.

லாக்டோபேசில்லஸ் வகைகளில் இந்த ஆபத்து அபூர்வம். அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று பொருள் கிடையாது. ஃபிஸ்டுலா தயாராகிக் கழுத்துக் குழாயை எடுக்கும்வரை உயிருள்ள எதையும் நெஃப்ராலஜிஸ்ட்டை (சிறுநீரக மருத்துவரை) கேட்காமல் கொடுக்காதீர்கள். கேட்கும்போது, "புரோபயாடிக் கொடுக்கலாமா" என்று பொதுவாகக் கேட்காமல் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, அந்த இண்டாக்சில் சமாச்சாரத்தை எங்கள் மெஷினும் சரியாக எடுப்பதில்லை. யூரியா ஒரு அமர்வில் 65, 70 சதம் இறங்கும். இது மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் பெரிது. காரணம், அது ரத்தத்தில் அல்புமினைப் பற்றிக்கொண்டே சுற்றுகிறது. அல்புமின் வடிகட்டித் துளையில் நுழையாது, நுழையவும் விடக்கூடாது. அதனால்தான் குடலிலேயே தடுக்கலாமே என்று ஆராய்ச்சிக்காரர்கள் அலைகிறார்கள். அவர்கள் ஆசை நியாயமானது.

கிரியாட்டினின் குறைந்தது என்று யாராவது மகிழ்ந்தால் அவர் கையைப் பாருங்கள். புஜத்தில் சதை கரைந்தாலும் கிரியாட்டினின் குறையும். சரியாகச் சாப்பிடாமல் படுத்தே இருப்பவர்களின் அறிக்கைதான் எங்கள் யூனிட்டில் ‘நன்றாக’ இருக்கும்.

கீழத்தெரு எழுதியது:

இத்தனை ஆயிரம் கொடுத்து அமெரிக்கக் கேப்சூல் எதற்கு? பழைய சோறும் நீராகாரமும் போதாதா? நம் தாத்தா பாட்டி எந்த யூனிட்டுக்குப் போனார்கள்? ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் காலையில் எத்தனை கோடி நல்ல கிருமி இருக்கிறது தெரியுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோய்க்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். இரண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய், அவ்வளவுதான்.

உப்பில்லாச் சாம்பார் எழுதியது:

கோவையில் சிறுநீரக நோயாளிகளுக்கான உணவியல் ஆலோசகர். கீழத்தெரு ஐயா, பழைய சோறு எனக்கும் உயிர். ஸ்டான்லி ஆய்வு குடல் அழற்சி நோய்க்கானது. சிறுநீரகம் போனவருக்கு அதே கிண்ணத்தை நீட்ட முடியாது.

முதலில் நீர். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறதோ அதோடு அரை லிட்டர் சேர்த்துத்தான் மொத்தக் கணக்கு, பலருக்கு அது ஒரு லிட்டரைத் தொடாது. ஒரு சொம்பு நீராகாரம் குடித்தால் அன்றைய ரசம், காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதிக் கணக்கு முடிந்துபோகும். அடுத்தது உப்பு. மோர் மிளகாய், ஊறுகாய், உப்பு போட்ட மோர், இவை இல்லாமல் யாராவது நீராகாரம் குடிக்கிறீர்களா? உப்பு தாகத்தை இழுக்கும், தாகம் தண்ணீரை இழுக்கும், அடுத்த டயாலிசிஸில் மூன்று, நான்கு கிலோ கூடுதலாக ஏறி வந்து மெஷினில் பிரஷர் படுத்துவிடும். மூன்றாம் ஷிஃப்ட் தம்பியைக் கேளுங்கள், ஞாயிறு இடைவெளிக்குப் பின் வரும் திங்கட்கிழமை காலைகளைப் பற்றிச் சொல்வார்.

சரி, தண்ணீரை வடித்துவிட்டுப் பருக்கையை மட்டும் உப்பில்லாமல் தயிரில் பிசைந்து சாப்பிடுவதா? தாராளமாக. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்பது உண்மை. வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கினால் 1.65 கிராம் ஆனதாக ஓர் ஆய்வு உண்டு. இதைப் பாக்டீரியா புளிக்கவைக்கும், நல்லதுதான். ஆனால் மேலே நுண்ணோக்கி சார் சொன்ன அதே ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் 2014-ல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதே வகை மாவுச்சத்தைச் சோளத்தில் இருந்து எடுத்து நாளுக்கு 15 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தார்கள். அல்புமினில் ஒட்டாமல் திரியும் இண்டாக்சில் சல்பேட் சுமார் 29 சதம் குறைந்தது. அந்த 15 கிராமைப் பழைய சோற்றில் எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 900 கிராம் சோறு. சர்க்கரைக்காரர் வேறு!

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கேப்சூலா, பழைய சோறா என்ற சண்டையே தவறான இடத்தில் நடக்கிறது. இந்த நோயாளிகளுக்குக் குடலில் முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல். ஜப்பானில் 2002-ல் எடுத்த கணக்கில் மெஷின் டயாலிசிஸ் நோயாளிகளில் 63 சதம் பேருக்கு அது இருந்தது, வயிற்று வழி டயாலிசிஸில் 29 சதம்தான். ஏன் வராது? தண்ணீர் குடிக்காதே என்கிறோம். பொட்டாசியம் ஏறும் என்று பழம், கீரை, காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறோம். கூடவே இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை, எல்லாம் மலத்தை இறுக்குபவை. மலம் தங்கினால் பாக்டீரியாவுக்கு நார் தீர்ந்துபோய்ப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இண்டோலும் கிரெசாலும் அப்போதுதான் கூடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிறுநீரகம் போனபின் பொட்டாசியம் வெளியேறும் முக்கிய மாற்றுவழி பெருங்குடல்தான். இயல்பாகப் போவதைவிடக் கூடுதலாக அங்கே தள்ளப் பழகிக்கொள்கிறது உடம்பு. இரண்டு, மூன்று நாள் மலம் கழிக்காமல் இருந்தால் அந்த வழியும் அடைபடும். பொட்டாசியம் ஏறியது என்று வருகிறவர்களிடம், வாழைப்பழம் சாப்பிட்டீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நேற்று வெளிக்குப் போனீர்களா என்று கேட்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, அப்பாவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது. அது வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். நார்ச்சத்து கொடுக்கலாம் என்றால் காய்கறியில் பொட்டாசியம் என்று பயமுறுத்துகிறார்களே, என்னதான் கொடுப்பது?

உப்பில்லாச் சாம்பார் எழுதியது:

காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும், நார் காயிலேயே நிற்கும். சுரை, புடலை, பீர்க்கை, கோவை, அவரை, கொத்தவரை எல்லாம் இப்படிச் செய்யலாம். பழத்தில் ஆப்பிள், பேரி, அன்னாசி, ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். இளநீரைத் தொடவே கூடாது. தயிர் ஒரு சிறு கிண்ணம் போதும், அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு, நீர்க் கணக்கிலும் சேரும். புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். டயாலிசிஸுக்கு முன்புதான் கட்டுப்பாடு, இப்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் தேவை. ‘பாக்டீரியா புரதத்தில் இருந்து நஞ்சு தயாரிக்கிறது’ என்று படித்துவிட்டு முட்டையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

இசப்கோல் நல்ல நார்தான், ஆனால் ஒரு தம்ளர் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உள்ளேயே கட்டிக்கொள்ளும். அந்தத் தம்ளரைக் கணக்கில் எழுத வேண்டும். லாக்டுலோஸ் சிரப்பைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது பேதி மருந்து மட்டுமில்லை. நம் குடலால் செரிக்க முடியாத சர்க்கரை அது, பெருங்குடலில் பாக்டீரியாதான் அதைத் தின்று அமிலமாக்கும். விலை உயர்ந்த கேப்சூல்காரர்கள் ‘ப்ரீபயாடிக்’ என்று விற்பதும் இந்த வகையறாதான்.

கடைக்காரரிடம் மலச்சிக்கலுக்கு என்று கேட்டு மெக்னீசியம் கலந்த வெள்ளைத் திரவத்தையோ பாஸ்பேட் எனிமாவையோ வாங்கிவிடாதீர்கள். மெக்னீசியமும் பாஸ்பேட்டும் வெளியேற சிறுநீரகம் வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

நார் பற்றி அக்கா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. அரபுப் பிசின், நம்மூர்க் கருவேலம் பிசினுக்கு உறவு, சூடானில் இருந்து வருவது. 1996-ல் அமெரிக்காவில் புரதம் குறைத்துச் சாப்பிடும் 16 நோயாளிகளுக்கு நாளுக்கு 50 கிராம் கொடுத்தபோது ரத்த யூரியா நைட்ரஜன் 12 சதம் போலக் குறைந்தது. பாக்டீரியா பிசினைத் தின்று பெருகி, தன் உடம்பைக் கட்ட அந்த நைட்ரஜனை எடுத்துக்கொண்டு மலத்தோடு போய்விட்டது. ‘யூரியாவைத் தின்னும் பாக்டீரியா’ என்ற பேச்சுக்கு ஏதாவது ஆதாரம் உண்டென்றால் அது இந்த மாதிரிதான், அதுவும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவை வைத்தே நடக்கிறது. ஆனால் யூரியா குறைவது நோய் குறைவது ஆகாது, நாளுக்கு 50 கிராம் பிசினை யாரும் தொடர்ந்து சாப்பிடவும் மாட்டார்கள்.

சுன்னாகம் எழுதியது:

நான் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம் சுன்னாகம். தங்கச்சி தந்த சிறுநீரகத்தோட இருக்கிறன். மாற்றின பிறகு ஒவ்வொரு நாளும் கடை யோகட் சாப்பிடுகிறன், டொக்டர்மார் ஒன்றும் சொல்லேல்லை. போன மாதம் வயிற்றோட்டம் வந்தது. தெரிஞ்ச ஒருவர் புரோபயாடிக் குளிசை தந்தவர், வாங்கி வைச்சிருக்கிறன், இன்னும் போடேல்லை. மாற்றின சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க டக்ரோலிமஸும் மைக்கோஃபீனோலேட்டும் எடுக்கிறன். இவையோட அதையும் போட்டால் பிழையோ?

நுண்ணோக்கி எழுதியது:

போடாமல் வைத்தது நல்லது. உங்கள் கிளினிக்கைக் கேட்காமல் தொடாதீர்கள், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியிருப்பவருக்கு உயிருள்ள கிருமி தனிக் கணக்கு. பாஸ்சரைஸ் செய்த பாலில் செய்த கடை யோகட் பொதுவாக அனுமதிக்கப்படுவதுதான்.

நீங்கள் எடுக்கும் இரண்டு மருந்துமே குடலோடு தொடர்புள்ளவை. மைக்கோஃபீனோலேட்டைக் கல்லீரல் ஒரு சர்க்கரையோடு கோத்துப் பித்தத்தில் விடுகிறது. குடல் பாக்டீரியாவின் நொதி அந்தக் கோப்பை வெட்ட, மருந்து மறுபடி ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆன்டிபயாடிக் எடுத்தால் இந்தத் திரும்புதல் குறைந்து மருந்தளவு இறங்கும். டக்ரோலிமஸ் விஷயத்தில் நியூயார்க்கில் 2015-ல் 19 மாற்றுச் சிறுநீரகக்காரர்களைப் பார்த்தார்கள். மலத்தில் ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற வகை கூடுதலாக இருந்தவர்களுக்கு மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்தப் பாக்டீரியா டக்ரோலிமஸையே உடைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. எல்லோரும் ‘நல்ல பாக்டீரியா’ பட்டியலில் முதலில் எழுதும் வகை அது!

வயிற்றோட்டத்தின்போது டக்ரோலிமஸ் அளவு ஏறவும் கூடும். மறுபடி வந்தால் யோகட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் ரத்தத்தில் மருந்தளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழத்தெரு எழுதியது:

மோர் மிளகாயை விட்டுவிடுகிறேன். பழைய சோற்றை விடமாட்டேன்.

உப்பில்லாச் சாம்பார் எழுதியது:

உங்கள் சிறுநீரகம் நன்றாக இருந்தால் மோர் மிளகாயோடே சாப்பிடுங்கள் ஐயா, எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன், அதனால் நின்று பேசினார். கேப்சூல் இப்போது வேண்டாம், கழுத்துக் குழாயை எடுத்தபின் விரும்பினால் பார்க்கலாம், பணத்தை அதில் போடுவதைவிட முட்டைக்குப் போடுங்கள் என்றார். லாக்டுலோஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார், இரும்பு மாத்திரையை நிறுத்தி டயாலிசிஸின்போது ஊசியாகப் போடலாம் என்கிறார். அம்மா வேகவைத்த தண்ணீரைக் கொட்டிச் சமைக்கத் தொடங்கிவிட்டார். சத்தெல்லாம் சாக்கடையில் போகிறது என்று ஒரே புலம்பல். தோடு காதில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரின் எண்ணை வாங்கி, டயாலிசிஸை நிறுத்தியவர் யார், எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்கும் யாரோ அனுப்பியதாம். அதை அப்பாவே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன், அதன்பின் அந்தப் பேச்சு நின்றது.

கடைசியாக ஒரு சந்தேகம். பெரியம்மா வாரம் இரண்டு முறை வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து கொடுக்கிறார். நார்ச்சத்துதானே, கொடுக்கலாமா?

உப்பில்லாச் சாம்பார் எழுதியது:

சாறு வேண்டாம். சாறாக்கி வடிகட்டியதும் நார் சக்கையிலேயே நின்றுவிடும், பொட்டாசியமும் தண்ணீரும்தான் தம்ளருக்கு வரும். பெரியம்மா மனம் நோகாமல் இருக்க, தண்டையே வாங்கி நறுக்கி வேகவைத்து வடித்து, கொஞ்சம் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டாகச் செய்து வாரம் ஒருமுறை கொடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.